செய்யுள் நடுவே பக்கம் முறியாமல் லேடெக்கில் அச்சுக்கோப்பது: மூவரின் அனுபவப் பகிர்வு

வெண்பாத் தொகுப்பு ஒன்றை லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சுக்கோத்து வருகிறேன். ஒவ்வொரு பாட்டையும் quote சூழலில் (இதுவே என் செய்யுள் சூழல்) ஒரே பத்தியாக இட்டு, அடிகளை \\ என்ற வரிமுறிப்புக் கட்டளையால் பிரிக்கிறேன். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் முடிவில் தனிச்சொல் நிற்கும். அதன் மேல் கால்வைத்துத்தான் மூன்றாம் அடிக்குப் போக வேண்டும். மெய்ப்பில் ஒரு வலப்பக்கம் சரியாக அந்தத் தனிச்சொல்லோடு முடிந்திருந்தது. தாளைத் திருப்பினால்தான் மீதி இரண்டடி. ஓசை அங்கேயே செத்துவிட்டது.

காரணம் தெளிவானது. ஓரிடத்தில் பக்கத்தை வெட்டுவதற்கு லேடெக் கணக்கிடும் தண்டனை எண்தான் பெனால்டி. உரைநடை நூல்களில் செய்வதுபோல கிளப்பெனால்டி (பத்தியின் முதல் வரிக்குப் பின் வெட்டுவதற்கானது), விடோபெனால்டி (கடைசி வரிக்கு முன் வெட்டுவதற்கானது) இரண்டுக்கும் 10000 கொடுத்திருந்தேன். 10000 என்றால் முழுத் தடை. முதல் வரிக்குப் பின்னும் கடைசி வரிக்கு முன்னும் வெட்டக் கூடாது என்றால், நான்கு வரிப் பாட்டில் மிஞ்சுவது நட்டநடுதான். உரைநடைக்குப் போதுமான காவல் செய்யுளுக்குப் போதாது.

இப்போது செய்யுள் சூழலுக்குள் மட்டும் இன்டர்லைன்பெனால்டியை (பத்தியின் எந்த இரு வரிகளுக்கு இடையிலும் வெட்டுவதற்கானது) 10000 ஆக்கியிருக்கிறேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டுமே பக்கம் முறிகிறது. நீண்ட அகவலுக்கு இது ஆகாது. அங்கே எந்த அடி அடுத்த அடியைப் பிரியக் கூடாதோ, அதன் முடிவில் \\ என்பதற்குப் பதிலாக \\* இடுகிறேன்; அது வரியை முறிக்கும், அங்கே பக்கத்தை முறிய விடாது.

*

ஐயா, குறளுக்கு இது இன்னும் அவசியம். இரண்டே வரி என்பதால் இரு பெனால்டிகளும் ஒரே இடத்தில் கூடி விழும். இயல்பு மதிப்பு தலா 150, கூட்டினால் 300. அது தடையே அல்ல, வெறும் தயக்கம்.

என்னை அதிகம் வதைத்தது உரைதான். குறள் பக்கத்தின் அடியில் நிற்கும், உரை அடுத்த பக்கத்தில் தொடங்கும். செய்யுள் சூழல் முடியும் இடத்தில் லேடெக் தானாகவே எண்ட்பார்பெனால்டி என்ற ஒன்றை வைக்கிறது. அதன் மதிப்பு -51. கழித்தல் குறி இருந்தால் ‘இங்கே வெட்டலாம்’ என்று பொருள். குறளும் உரையும் சேர்ந்தே இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஓர் அழைப்பு! அதையும் 10000 ஆக்கிய பிறகுதான் இரண்டும் ஒட்டி நின்றன.

*

இருவர் சொன்னதும் சரி. ஆனால் பாட்டை உடைக்காவிட்டால் சில பக்கங்களின் அடியில் வெற்றிடம் விழும். லேடெக்கின் புத்தக வகுப்பில் (book) இருபுற அச்சுக்கு ஃபிளஷ்பாட்டம்தான், அதாவது எல்லாப் பக்கங்களையும் ஒரே உயரத்தில் முடிக்கும் அமைப்புதான், இயல்பு. அது அந்த வெற்றிடத்தைப் பாட்டுகளுக்கு இடையே இழுத்து நிரப்பும். ஒரு பக்கத்தில் பாட்டுகள் நெருங்கி நிற்க, எதிர்ப்பக்கத்தில் விலகி நிற்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கவிதை நூலுக்கு, பக்கத்தின் கீழ்விளிம்பைச் சமமாக்காமல் விடும் ரேகெட்பாட்டமே (\raggedbottom) தகும் என்பது என் உறுதியான கருத்து. பக்கங்களின் கீழ்விளிம்பு சமமில்லாததை எந்த வாசகரும் குறையாகச் சொன்னதில்லை.

ஒரே ஒரு வரி இடமில்லாமல் பாட்டு முழுதும் தள்ளிப்போனால், என்லார்ஜ்திஸ்பேஜ் கட்டளையால் அந்தப் பக்கத்துக்கு ஒரு வரி கூட்டுகிறேன். எதிர்ப்பக்கத்துக்கும் அதே அளவு கூட்ட வேண்டும். கடைசி மெய்ப்பு திருத்தி முடிந்த பிறகே இதில் கைவையுங்கள்; முன்பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தாலும் எல்லாம் நகர்ந்துவிடும்.