மின்னஞ்சல் மடலுக்குப் பதியும் பக்கம்: தேர்தல் வேலையில் கண்டவை

களுவாஞ்சிகுடியிலிருந்து:

2025 மே 6ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் பிரதேச சபைக்குப் போட்டியிட்ட ஒரு தரப்பினர், தமது மின்னஞ்சல் மடலுக்கு ஆட்களைச் சேர்க்கும் பக்கமொன்றை அமைத்துத் தருமாறு கேட்டனர். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, வட்டாரம் என்று அவர்கள் நீட்டிய பட்டியலில் மின்னஞ்சலையும் வட்டாரத்தையும் மட்டும் விட்டுவைத்தேன். அடையாள அட்டை இலக்கம் கேட்கும் படிவத்தை எங்கள் மக்கள் வேலைவாய்ப்புக்கோ அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கோ உரிய விண்ணப்பமென்றே எண்ணுவார்கள். போர்க்காலத்தைக் கண்ட மூத்தவர்களோ, எந்தத் தரப்பின் பட்டியலிலும் தம் பெயர் ஏறுவதை விரும்பமாட்டார்கள். அரசியல் கருத்தை விசேட வகைத் தரவாகக் கொள்ளும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிய பிறகே பக்கம் கேட்ட தரப்பினர் இணங்கினார்கள்.

பலருக்குத் தமது மின்னஞ்சல் முகவரியே தெரியாது என்பதுதான் பெரிய தடையாக இருந்தது. கைபேசி வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி உருவாக்கிக் கொடுத்த முகவரி அது. கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. ஆயினும் அந்த முகவரி கைபேசியில் பதிந்தே கிடப்பதால், படிவத்தில் மின்னஞ்சலை நிரப்பும் பெட்டிக்குத் தானியங்கி நிரப்பலை இயக்கிவிட்டால், பெட்டியைத் தொட்டதும் பெரும்பாலும் அது தானாகவே முன்வந்து நிற்கும். அழகான நிறங்களைவிட இந்த ஒரு வரிக் குறியீடு அதிகம் உதவியது.

அச்சகத்திலிருந்து வந்த வாசகங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் என்பதால் முதலில் யுனிகோடுக்கு மாற்றினேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

சகோதரர் சொன்னதோடு அம்பாறை மாவட்டத்துக்குரிய ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே தமிழும் சிங்களமும் அடுத்தடுத்த ஊர்களில் பேசப்படுவதால், பக்கத்தின் உச்சியில் இரு மொழிப் பொத்தான்களை அவ்வம்மொழி எழுத்திலேயே வைத்து, தெரிவுசெய்த மொழியையும் முகவரியோடு சேமித்தேன். பக்கத்தை மட்டும் இரு மொழியில் வைத்துவிட்டு மடலை ஒரே மொழியில் அனுப்புவது மரியாதையல்ல என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பதிந்தவுடன் தானாகச் செல்லும் வரவேற்பு மடலில் வாக்குக் கேட்கும் வாசகம் இருந்தால், பிரசாரம் ஓய்ந்த பின்னும் அது போய்க்கொண்டேயிருக்கும். அந்த 2025 தேர்தலில் மே 3 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்ததால், அந்த நேரத்திலிருந்து "பதிவு கிடைத்தது" என்ற ஒற்றை வரி மட்டுமே செல்லுமாறு முன்கூட்டியே அமைத்திருந்தேன்.