காலையில் இன்வெர்ட்டர் ஓடவில்லை, 'இன்சுலேஷன் குறைவு' என்கிறது: ஷீட் கூரை சோலார், விச்சூர்

விச்சூர் குடோன்:
எல்லோருக்கும் வணக்கம். மணலி புதுநகர் பக்கம் விச்சூரில் எங்கள் அப்பாவின் குடோன் இருக்கிறது. 12,000 சதுர அடி, ஷீட் கூரை. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகிற சரக்கை இறக்கி வைக்கிற இடம். போன ஆடியில் கூரைமேல் சோலார் போட்டோம். 550 வாட் பேனல் 180, பேனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றுகிற 50 கிலோவாட் இன்வெர்ட்டர் 2. ஒரு இன்வெர்ட்டருக்கு 5 ஸ்ட்ரிங் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த பேனல் வரிசை), ஒரு ஸ்ட்ரிங்கில் 18 பேனல்.

ஐப்பசி மழை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நல்ல வெயில் நாளில் இரண்டும் சேர்ந்து 400 யூனிட் வரை கொடுத்தன. மழைக்குப் பிறகு இரண்டாவது இன்வெர்ட்டரில் மட்டும் காலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. பத்தரை மணி வாக்கில் தானாகவே சரியாகி ஓடத் தொடங்கும். மார்கழிப் பனி ஆரம்பித்ததிலிருந்து தினமும் இப்படித்தான். தூறல் போட்டால் அன்று முழுக்க ஓடாது.

போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டால், "பனிதான், வெயில் ஏறினால் போய்விடும்" என்கிறார்கள். நேற்று போனில், செட்டிங்கில் ஒரு அளவைக் குறைத்தால் அலாரமே வராது, பாஸ்வேர்டு தருகிறோம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழே அட்டைப்பெட்டிச் சரக்கு கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. பேனல் கழுவ வாரம் ஒரு தடவை ஒரு பையன் மேலே ஏறுகிறான். என்ன செய்யலாம்?

எண்ணூர் மின்பணி:
மேடம், அந்த அளவைத் தொடவே தொடாதீர்கள். பையனையும் இன்றிலிருந்து மேலே ஏற்ற வேண்டாம். இந்த இரண்டும் முதலில்.

இன்வெர்ட்டர் தினமும் விடிந்ததும், லைனோடு சேர்வதற்கு முன்னால், பேனல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே தடை எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும். தடை குறைந்திருந்தால், எங்கேயோ கரண்ட் ஃபிரேமுக்கோ ஷீட்டுக்கோ கசிகிறது. உங்கள் கூரை முழுக்க உலோகம். ஸ்ட்ரிங்கில் 800 வோல்ட்டுக்கு மேல் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வரக்கூடும். ஒரு இடத்தில் கசியும்போது அலாரம் வருகிறது. இன்னொரு இடத்திலும் கசிந்துவிட்டால் ஷீட் வழியாகவே சுற்று மூடி, பொறி பறக்கும். டிசி பொறி, வீட்டு லைனில் வருகிற ஏசி கரண்ட் பொறி மாதிரி சட்டென்று அணையாது, பிடித்துக்கொண்டு எரியும். அதற்குக் கீழே அட்டைப்பெட்டி இருக்கிறது என்கிறீர்கள்.

பனி புதிதாக எதையும் கெடுக்கவில்லை, ஏற்கெனவே கெட்டிருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான். இன்வெர்ட்டர் மெனுவில் இன்சுலேஷன் அளவு இருக்கும். நாளைக்கு மணிக்கு ஒரு தடவை குறித்துப் போடுங்கள்.

விச்சூர் குடோன்:
நன்றி அண்ணா. இன்று பார்த்தது: காலை 7 மணிக்கு 22 கிலோ ஓம், 9 மணிக்கு 70, பத்தரைக்கு 600-க்கு மேல். முதல் இன்வெர்ட்டரில் 7 மணிக்கே 1,800 காட்டியது. பையனை நிறுத்திவிட்டேன்.

எண்ணூர் மின்பணி:
அப்படியென்றால் ஈரத்தில் வருகிற கசிவுதான். இதை வெயில் ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது, பனி காயும் முன்னே தேட வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டர், கையுறை கட்டாயம். நீங்களே செய்ய வேண்டாம், ஆனால் கூட நின்று எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஏசி பிரேக்கர், அப்புறம் டிசி சுவிட்ச் ஆஃப். வயரைச் சுற்றிக் கவ்விப் பார்க்கிற கிளாம்ப் மீட்டரில் கரண்ட் சைபர் என்று பார்த்த பிறகுதான் வயர்களை இணைக்கிற கனெக்டரைக் கழற்ற வேண்டும். கரண்ட் ஓடும்போது இழுத்தால் கையிலேயே பொறி அடிக்கும். ஐந்து ஸ்ட்ரிங்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று அளவு எடுங்கள்: பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே, பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கு, நெகட்டிவிலிருந்து எர்த்துக்கு. நல்ல ஸ்ட்ரிங்கில் எர்த்துக்குப் பார்க்கிற வோல்ட் நிற்காது, கீழே இறங்கிக்கொண்டே போகும். கசிகிற ஸ்ட்ரிங்கில் அப்படியே நிற்கும். நிற்கிற எண்ணை வைத்து எத்தனையாவது பேனல் என்றே சொல்லிவிடலாம்.

மீஞ்சூர் வாசி:
ஒரு சந்தேகம் கேட்கிறேன்மா. பேனல் கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போர் தண்ணீர் என்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். எங்கள் மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை நகரத்துக்கும் ஆலைக்கும் வயலுக்கும் உறிஞ்சி உறிஞ்சி, கடல் நீர் உள்ளே ஏறி எத்தனையோ வருஷமாகிறது. நெல் போட்டவர்கள் கிணற்றை மூடிவிட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாக உப்பு படியும். உப்பு இரவு ஈரத்தை இழுக்கும். நம் பக்கம் நிலக்கரிச் சாம்பல் வேறு காற்றில் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஈரமானால் கரண்ட் நடக்கிற சேறுதான்.

உங்கள் கூரையிலேயே தண்ணீர் இருக்கிறது. 12,000 சதுர அடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டியில் பிடித்து வையுங்கள்.

விச்சூர் குடோன்:
போர் தண்ணீர்தான். இவ்வளவு நாள் அதிலேயே கழுவிவிட்டோம் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

செங்குன்றம் ஷீட் வேலை:
மேலே ஏறப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பார்கள். தூசி படிந்தால் மற்ற ஷீட் மாதிரியே தெரியும், கால் வைத்தால் உள்ளே போய்விடும். அதில் விழுந்து இறந்தவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. திருகு வரிசையாக இருக்கிற இடத்தில்தான் அடியில் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடும், அதன்மேல் மட்டும் நடக்கவும். பெல்ட்டும் கயிறும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பனி ஈரத்தில் ஷீட் வழுக்கும். அதனால் மீட்டர் வேலையைக் காலையில் கீழே இன்வெர்ட்டர் பக்கத்திலேயே முடித்துவிட்டு, காய்ந்த பிறகு ஏறுங்கள்.

விச்சூர் குடோன்:
இன்று காலை ஆறே முக்காலுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணா வந்தார். நான்கு ஸ்ட்ரிங்கில் வோல்ட் நிற்கவே இல்லை. மூன்றாவது ஸ்ட்ரிங்கில் நின்றது: பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கு 280, நெகட்டிவிலிருந்து எர்த்துக்கு 560, மொத்தம் 840.

எண்ணூர் மின்பணி:
840-ஐ 18-ஆல் வகுத்தால் பேனலுக்கு 46.7 வோல்ட். 280-ஐ அதால் வகுத்தால் 6. பாசிட்டிவ் முனையிலிருந்து ஆறாவது பேனலுக்கும் ஏழாவதுக்கும் நடுவே இருக்கிற கனெக்டரைப் பாருங்கள்.

விச்சூர் குடோன்:
11 மணிக்கு ஏறி, ஆறாவதும் ஏழாவதும் எண்ணிப் பார்த்தார். கனெக்டர் ஃபிரேமோடு ஒழுங்காகக் கட்டியிருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. கணக்கு தப்பா?

எண்ணூர் மின்பணி:
கண்ணால் வரிசையாக எண்ணினீர்களா, வயரைப் பிடித்துப் போனீர்களா? திரும்பி வருகிற வயரை மிச்சம் பிடிக்க, ஒரு பேனல் விட்டு ஒரு பேனலாக இணைத்துக்கொண்டே போய், மீதியைத் திரும்பி வரும்போது இணைப்பார்கள். அப்படியிருந்தால் வயர்க் கணக்கில் ஆறாவது என்பது கண்ணுக்குப் பதினொன்றாவது பேனல்.

விச்சூர் குடோன்:
கிடைத்துவிட்டது அண்ணா! பதினொன்றாவதுதான். வயரைக் கட்டியிருந்த வெள்ளை நைலான் டை வெயிலில் நொறுங்கி விழுந்திருக்கிறது. கனெக்டர் ஷீட்டின் பள்ளத்தில், கறுத்த சேற்றுக்குள் கிடந்தது. கனெக்டரின் ஆண் முனையும் பெண் முனையும் வேறு வேறு கம்பெனி. மாட்டினால் மாட்டிக்கொள்கிறது, ஆனால் நடுவில் மெல்லிய இடைவெளி. பின்பக்க நட்டை விரலாலேயே திருக முடிந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்து, ஒரு ஓரம் கருகியிருந்தது. அதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டராக, கிரிம்பிங் கருவியால் அழுத்திப் புதிதாகப் போட்டோம். இன்று காலை 7 மணிக்கு 1,500 கிலோ ஓம். இன்வெர்ட்டர் சூரியனோடு சேர்ந்தே எழுந்துவிட்டது.

மீஞ்சூர் வாசி:
சந்தோஷம்மா. மற்ற டைகளும் அதே நாள் கட்டியவைதானே?

விச்சூர் குடோன்:
ஆமாம். கழற்றிய கனெக்டரைப் படம் எடுத்து, போட்டுக் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டேன். பத்து ஸ்ட்ரிங்கிலும் ஸ்டீல் கிளிப் போட்டு வயரைத் தூக்கிக் கட்டித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அப்பாவும் நானும் கீழே நின்று ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் அளவையும் எழுதி வாங்கப் போகிறோம்.