பாட் ஸ்பிலேன் பேசியது ஆட்டத்துக்காகவா, கெர்ரிக்காகவா?

செங்குட்டுவன்:
அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசியவர்களில் மனதில் பட்டதை அப்படியே சொன்னவர் பாட் ஸ்பிலேன் என்பதுதான் என் கட்சி. கெர்ரி கவுண்டிக்காக எட்டு அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர், ஒன்பது ஆல் ஸ்டார் விருது வாங்கியவர். 1992இல் அயர்லாந்துத் தொலைக்காட்சியான ஆர்டிஇ-யின் ‘தி சண்டே கேம்’ நிகழ்ச்சிக்கு வந்து 2022 இறுதிப் போட்டி வரை அங்கே இருந்தார். ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். 2003 அரையிறுதியில் டைரோன் அணி 0-13க்கு 0-6 என்று (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) கெர்ரியை நெரித்துப் போட்டபோது, அந்த ஆட்டத்தை ‘பியூக் ஃபுட்பால்’ என்றார், பார்த்தால் வாந்தி வருகிறது என்ற அர்த்தத்தில். அன்றிலிருந்து வட அயர்லாந்தில் அவர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். அவர் சொன்னதில் என்ன தவறு? ஒரே கெர்ரிக்காரர் பந்தோடு நிற்கிறார், அவரைச் சுற்றி அரை டஜன் டைரோன்காரர்கள் மொய்க்கிறார்கள். காற்றில் எழும்பிப் பந்தைப் பிடிப்பது, நீளமாக உதைப்பது, இதெல்லாம்தானே இந்த ஆட்டத்தின் அழகு? அது சாகிறது என்று முதலில் கத்தியவர் அவர்.

யாழினி:
முதலில் கத்தியவர் இல்லை. தோற்றதும் கத்தியவர்.

அதே டைரோனை 1986 இறுதிப் போட்டியில் யார் எதிர்கொண்டார்கள் என்று பாருங்கள். டைரோனுக்கு அதுதான் முதல் இறுதிப் போட்டி. இரண்டாம் பாதி தொடக்கத்தில் ஏழு புள்ளி முன்னிலை. (பழக்கமில்லாதவர்களுக்கு: வலைக்குள் போனால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று.) அப்போது ஸ்பிலேன் பாய்ந்து விழுந்து, கை முஷ்டியால் பந்தைக் குத்தி கோல் போட்டார். அங்கிருந்து ஆட்டம் கவிழ்ந்தது. கடைசியில் கெர்ரி 2-15, டைரோன் 1-10. அன்று தோற்றவர்கள் கெர்ரியின் ஆட்டத்தைக் கேவலப்படுத்தவில்லை. ஊருக்குப் போய் பதினேழு வருஷம் உழைத்து, கெர்ரியையும் ஜெயித்து, அந்த ஆண்டே தங்கள் முதல் பட்டத்தை வாங்கினார்கள். அவர்கள் ஜெயித்த நாளில் எட்டுப் பதக்கக்காரர் சொல்ல வேண்டிய வார்த்தையா அது?

இன்னொன்று. டைரோன் இருப்பது வட அயர்லாந்தில். அங்கே பல தலைமுறைகளுக்கு இந்த ஆட்டம் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தெற்கிலிருந்து ஒருவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, நீங்கள் ஆடுவதெல்லாம் ஓர் ஆட்டமா என்று கேட்டால் அது எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

முத்துராமன்:
இரண்டு பேரும் ஒரே நாளை வைத்து அடித்துக்கொள்கிறீர்கள். அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதையும் கொஞ்சம் பேசலாம்.

கெர்ரியில் டெம்பிள்னோ ஒரு சின்ன ஊர். அங்கே அவர்கள் குடும்பம் மதுக்கடை நடத்தியது. 1964இல் அப்பா டாம் ஸ்பிலேன் கெர்ரி அணியின் தேர்வாளர்களில் ஒருவர். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் கால்வேயிடம் கெர்ரி தோற்றது. இரண்டே நாளில் அப்பா இறந்துபோனார். மகன் பாட் ஸ்பிலேனுக்கு அப்போது எட்டு வயது. அம்மா கடையையும் நடத்தி, பிள்ளைகளையும் ஆளாக்கினார். பாட், மிக், டாம் மூன்று மகன்களும் சேர்ந்து கெர்ரிக்காக வென்ற பதக்கங்கள் 19: எட்டு, ஏழு, நான்கு. ஒரே வீட்டுக்குள்!

அப்புறம் அந்த முழங்கால். 1981இல் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்தில் அது வந்தால் ஆட்டக்காரரின் கதை பெரும்பாலும் முடிந்தது. கேம்பிரிட்ஜ் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1982இல் கெர்ரி தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு ஆடி, கடைசி நிமிடங்களில் ஆஃபலியின் ஷேமஸ் டார்பி போட்ட கோலில் பறிகொடுத்ததே, அந்தப் போட்டியில் இவர் மாற்று வீரராகத்தான் இறங்கினார். எல்லாம் முடிந்தது என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து 1984, 85, 86 என்று வரிசையாக மூன்று பட்டம். அந்த மாதிரி உழைத்து வந்த ஒருவருக்கு ஆட்டத்தைப் பற்றி வெதுவெதுப்பாகப் பேச வராது. கோபம் வந்தால் கொட்டிவிடுவார்.

கபிலன்:
முத்துராமன் அண்ணா, அவர் வாழ்க்கையை யாரும் குறை சொல்லவில்லை. என் பிரச்சினை வேறு.

கேலிக் கால்பந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் வேலைக்கும் போகிறார். வகுப்பெடுப்பார், மின்கம்பி இழுப்பார், பண்ணையில் மாடு பார்ப்பார். தொலைக்காட்சியில் உட்கார்ந்து அவரைப் பிய்த்துப் போடுபவருக்கு மட்டும் காசு. இங்கிலாந்துக் கால்பந்தில் வாரத்துக்கு லட்சக்கணக்கில் வாங்குபவரைத் திட்டுவது ஒன்று, இது முற்றிலும் வேறு. ஸ்பிலேனே பான்ட்ரியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது என்னவென்று அவருக்கா தெரியாது?

2002 நினைவிருக்கிறதா? இறுதிப் போட்டியின் இடைவேளையில் கெர்ரியைவிட, இன்னொரு வட அயர்லாந்து அணியான அர்மா நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. அர்மாவின் கதை முடிந்தது என்ற தொனியில் அவர் பேசினார். தன் அம்மாவின் மூட்டுவலியை இழுத்து வைத்து அவர்கள் வேகத்தைக் கிண்டல் செய்தார். அந்தப் பக்கம் உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜோ கெர்னன், 1977இல் தான் தோற்ற இறுதிப் போட்டிக்குக் கிடைத்த நினைவுப் பலகையைச் சுவரில் அடித்து உடைத்தார். வெளியே வந்து அர்மா 1-12க்கு 0-14 என்று ஜெயித்தது. அவர்களுக்கு அது வரலாற்றில் முதல் பட்டம். முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்ட ஒஷீன் மெக்கான்வில்தான் அந்த கோலையும் போட்டார். அப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றியா அந்தக் கிண்டல்?

செங்குட்டுவன்:
கபிலன், சம்பளம் இல்லை என்பதால் விமர்சனமே கூடாது என்றால், டிக்கெட் வாங்கி வந்த எண்பதாயிரம் பேருக்கு என்ன மரியாதை? அவர் யாருடைய வேலையையும் குடும்பத்தையும் இழுக்கவில்லை. ஆடிய ஆட்டத்தைச் சொன்னார். 2002இல் கணிப்பு பொய்த்தது, சரி. முப்பது வருஷம் நேரலையில் பேசினால் பொய்க்கத்தான் செய்யும். பொய்த்துவிடுமோ என்று பயந்து, “இரண்டு அணிகளும் நன்றாக முயல்கின்றன” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

யாழினி, வடக்கு தெற்கு என்று பிரிக்காதீர்கள். அதே நிகழ்ச்சியின் மேசையில் டெர்ரிக்காரர் ஜோ ப்ரோலி உட்கார்ந்திருந்தார். 1993இல் டெர்ரி பட்டம் வென்ற அணியில் ஆடியவர், பிறந்ததும் வடக்கில்தான். 2013இல் டைரோனின் ஷான் கேவனா, கோலை நோக்கி ஓடிய மோனஹன் வீரரைக் கட்டிப்பிடித்து இழுத்துப் போட்டபோது, ப்ரோலி கேவனாவின் குணத்தையே கேள்வி கேட்கும் அளவுக்குக் கொதித்தார். ஸ்பிலேன் ஒருநாளும் அந்த எல்லைக்குப் போனதில்லை.

யாழினி:
ப்ரோலி செய்தது அதிகம்தான். அதனால் ஸ்பிலேன் சொன்னது சரியாகிவிடுமா?

கெர்ரியின் அழகான ஆட்டம் என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். மிக் ஓட்வயர் பயிற்சியில் 1975இல் வந்த அந்த இளைஞர் அணி, ஓடிக்கொண்டே கையால் பந்தைக் கைமாற்றி ஆடியது. இது கால்பந்தா, கைப்பந்தா என்று பழைய ஆட்கள் அப்போதும் புலம்பினார்கள். கையால் தட்டி கோல் போடுவதைப் பிறகு விதி போட்டுத் தடுத்தார்கள். ஸ்பிலேன் ஆடிய விதமும் அப்படித்தான். முன்கள ஆட்டக்காரர், ஆனால் தன் கோல் வரைக்கும் ஓடி வந்து பந்தை மீட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு அது புரட்சி. 2003இல் டைரோன்காரர்கள் பதினைந்து பேரும் அதையே செய்தால் வாந்தியா?

2014ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த இறுதிப் போட்டியில் டொனிகாலை ஜெயிக்க கெர்ரி என்ன செய்தது? ஆட்களைப் பின்னால் இழுத்து, டொனிகாலின் பாணியையே எடுத்து ஆடி, 2-9க்கு 0-12 என்று ஜெயித்தது. எதிரணிக் கோல்காப்பாளர் குறுகலாக உதைத்த பந்தை கீரன் டானஹி பறித்து கோல் போட்டார். பட்டம் கெர்ரிக்கு வந்தால் அதன் பெயர் சாமர்த்தியம். டைரோன் 2003லும், 2005, 2008 இறுதிப் போட்டிகளில் அதே கெர்ரியை எதிர்த்தும் ஜெயித்தால் அதற்கு வேறு பெயர். 2005இல் பீட்டர் கனவன் போட்ட கோலைப் பார்த்துவிட்டு, டைரோனுக்குக் கால்பந்து தெரியாது என்று யாராவது சொல்லட்டும்.

முத்துராமன்:
2014 கேள்வி நியாயமானது. அதற்குச் செங்குட்டுவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் கெர்ரிக்காரராக இருந்துகொண்டு நடுநிலை போல நடித்தார் என்று மட்டும் சொல்ல முடியாது. நடிக்கவே இல்லை. 2022 ஜூலை 24, கெர்ரி கால்வேயை 0-20க்கு 0-16 என்று ஜெயித்த நாள். அவருக்கு அந்த மேசையில் கடைசி நாள். தம்பி பிள்ளைகள் ஏட்ரியனும் கில்லியனும் அந்தக் கெர்ரி அணியில். அதே கால்வேயிடம் தோற்ற 1964ஐயும், நெஞ்சு வலியோடு ஊர் திரும்பி இறந்த அப்பாவையும் பற்றிப் பேசும்போது நேரலையில் குரல் உடைந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பேச்சு வரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று வைத்துக்கொள்ளாத ஆள் அவர். சிறு ஊர்கள் காலியாவதைப் பற்றி அரசு ஆணையம் அமைத்தபோது அதற்குத் தலைவராக இருந்து ஊர் ஊராகப் போனதும் இதே மனிதர்தான். டெம்பிள்னோ மாதிரி ஊர் பதினைந்து பிள்ளைகளைத் திரட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற கவலை அவர் பேச்சில் எப்போதும் இருந்தது.

கபிலன்:
அந்த அழுகையைப் பார்த்தவர்கள் யாரும் அவரை வெறுக்க முடியாது. நானும் பார்த்தேன். ஆனால் தன் அப்பாவுக்காக அழத் தெரிந்தவர், அர்மாவிலும் டைரோனிலும் அதே மாதிரி அப்பாக்கள் காத்திருந்து செத்ததை 2002லும் 2003லும் நினைத்திருக்கலாம்.

செங்குட்டுவன்:
2014க்கு என் பதில்: கெர்ரி அன்று அப்படி ஆடியதே இந்த நோய் எவ்வளவு தூரம் பரவியது என்பதற்குச் சாட்சி. கெர்ரிகூட அப்படி ஆடித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. கடைசியில் என்ன ஆனது? ஜிம் கவின் தலைமையில் குழு போட்டு, 2025இல் விதிகளையே மாற்றினார்கள். எதிர்ப் பாதியில் எப்போதும் மூன்று பேர் நின்றாக வேண்டும். நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. ஆட்டம் மறுபடி மூச்சு விடுகிறது. ஸ்பிலேன் இருபத்திரண்டு வருஷம் முன்னால் எதைப் பார்த்துக் கொதித்தாரோ, அதற்குத்தான் இந்த மருந்து.

யாழினி:
இல்லை. அந்த விதி தடுப்பது வேறொன்றை. பதினைந்து பேரும் தன் பாதிக்குள் பின்வாங்கிச் சுவர் கட்டி நிற்பதும், பந்தைக் குறுக்கே குறுக்கே கைமாற்றி நேரம் கடத்துவதும் 2010க்குப் பின் முற்றிய வியாதி. 2003இல் டைரோன் செய்தது அது கிடையாது. அவர்கள் முன்னேறி வந்து, கெர்ரிக்காரர் பந்தை எடுத்த இடத்திலேயே மொய்த்துப் பறித்தார்கள். அந்தப் பதிவை எடுத்து, பந்து கைமாறும் இடத்தை மட்டும் பாருங்கள். பல தடவை அது கெர்ரியின் பாதியில் நடக்கும். இன்றைய விதியிலும் அதை ஆடலாம், யாரும் விசில் ஊத மாட்டார்கள்.