விளையாட்டாக எழுதியதை உண்மை என்று நம்பியபோது: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

அரசாங்கம், தொழில்நுட்பம், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றி யாரோ வேடிக்கைக்காக எழுதிய ஒன்றை இன்னொருவர் உண்மை என்று நம்பி, அதற்கேற்ப நடந்தும் கொண்டதை நேரில் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்பியவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். அவர் ஏன் நம்பினார் என்று தெரிந்துகொள்ளவே நான் விரும்புகிறேன்.

ஓய்வூதியம் பெறும் என் பெரியப்பாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. முத்திரை, கோப்பு எண், கையொப்பம் எல்லாம் பொருந்தி, அசல் சுற்றறிக்கையைப் போலவே அது இருந்தது. ஓய்வூதியர்கள் இனி இணையதளம் வழியாக மட்டுமே உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும் என்றும், கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக இடுபவர் காலமானவராகக் கருதப்படுவார் என்றும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்புபவர் தம்முடைய இறப்புச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெரியப்பாவோ கடவுச்சொல்லைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் படத்தை முதலில் வெளியிட்டது ஒரு நையாண்டிப் பக்கம். பக்கத்தின் பெயர் படத்தின் மேற்பகுதியில் தெளிவாகவே இருந்திருக்கிறது. இடையில் யாரோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதை நான் விளக்கியபோது அவர் கேட்டார்: "போன வருஷம் என் கைரேகை பதியவில்லை என்று திரும்பத் திரும்ப அலைய வைத்தார்களே. எதிரே நிற்கிற என்னைப் பார்த்து, நீங்கள் உயிரோடு இருப்பதாக மெஷின் காட்டவில்லை என்றார்களே. அதை மட்டும் எப்படியப்பா உண்மை என்று எடுத்துக்கொள்வது?"

அரசு நடைமுறைகள் வேடிக்கைக்கு இத்தனை அருகில் வந்துவிட்ட பிறகு, வேடிக்கையை நம்பிய முதியவரின் அறிவைக் குறை சொல்வது நியாயமாகாது என்றே நான் எண்ணுகிறேன்.

திரைப்படக் கழக உறுப்பினர் ஒருவர்

எங்கள் கழகத்தின் கூட்டத்தில் ஓர் இளைஞர், அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் பெயரோடு வழங்கும் 'கோன்சரோவ்' என்ற 1973ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிட வேண்டும் என்று கேட்டார். கதை, பாத்திரங்கள், படம் நெடுகிலும் வரும் கடிகாரங்கள் எதை உணர்த்துகின்றன என்பது வரை அனைத்தையும் அவர் படித்து வைத்திருந்தார். அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லை. 2022 நவம்பரில் டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளத்தின் பயனர்கள், ஒரு காலணியில் தைக்கப்பட்டிருந்த விசித்திரமான துணிச்சீட்டின் ஒளிப்படத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரொட்டி, இசை, விமர்சனக் கட்டுரை என்று ஒவ்வொன்றாகக் கற்பனையில் உருவாக்கிய படம் அது. ஸ்கோர்செஸியிடம் அவருடைய மகள் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டதாக அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டு பதிலளித்தார்.

உண்மையைச் சொன்னதும் இளைஞர் வாடிப்போவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் படம் இல்லாமலே அதைப் பற்றி ஒரு மாலை உரையாடலாமா என்று கேட்டார். உரையாடினோம். உண்மையில் உள்ள படங்களைப் பற்றி எங்கள் கழகத்தில் நடந்த பல விவாதங்களைவிட அது நன்றாக அமைந்தது. யாருக்கும் தீங்கு செய்யாத இத்தகைய வேடிக்கைகளை மற்றவற்றிலிருந்து பிரித்தே பார்க்க வேண்டும்.

வலையமைப்புப் பணியில் இருப்பவர்

எங்கள் துறையில், ஏப்ரல் முதல் நாளில், உண்மையான தொழில்நுட்ப ஆவணங்களின் நடையிலேயே வேடிக்கை ஆவணங்களை வெளியிடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. இணையத் தரவைப் புறாக்களின் காலில் கட்டி அனுப்பும் முறையை 1990இல் வெளியான ஓர் ஆவணம் வகுத்தது. 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் ஆர்வலர்கள் அதை மெய்யாகவே செய்து பார்த்தார்கள். அனுப்பிய 9 தரவுப் பொட்டலங்களில் 4க்கு மட்டுமே பதில் வந்தது. 1998இல் வெளியான மற்றோர் ஆவணம் காபிக் கருவிகளை இணையத்தின் வழியே கட்டுப்படுத்தும் நெறிமுறையை விவரித்தது. அதன்படி, ஒரு தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால், தான் ஒரு தேநீர்க் கெண்டி என்று அறிவிக்கும் 418 என்ற பிழை எண்ணை அது திருப்பி அனுப்ப வேண்டும்.

என்னுடன் பணியாற்றிய ஒருவர், எங்கள் சர்வரைத் தொல்லைப்படுத்திய தானியங்கி நிரல்களுக்கு இந்த எண்ணையே பதிலாக அமைத்திருந்தார். சில வாரங்களில், வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றிலிருந்து முறையான புகார்க் கடிதம் வந்தது. எங்கள் சர்வர் தன்னைத் தேநீர்க் கெண்டி என்று சொல்லிக்கொள்வதாகவும், இது எந்தப் பதிப்பில் நுழைந்த பிழை, எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்கள். அலுவலகமே சிரித்தது. எனக்கோ அந்தக் கடிதத்தை எழுதிய பொறியாளர் மீது மதிப்புத்தான் ஏற்பட்டது. தமக்கு வந்த பதிலை ஒரு பொறியாளர் எவ்வளவு பொறுப்புடன் படிக்க வேண்டுமோ, அவ்வளவு பொறுப்புடன் அவர் படித்திருந்தார். அந்த எண் இப்போது ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது. வேடிக்கையாகவே பரவலாகப் புழங்கிவிட்டதால், 2022இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் அதை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டது.

எழுத்தில் சிரிப்புக்குறி தோன்றியதே இப்படியொரு குழப்பத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1982 செப்டம்பரில், மின்தூக்கிக்குள் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் கணினி அறிவிப்புப் பலகையில் விளையாட்டாக எழுதினார். சிலர் அதை உண்மையான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். இனி வேடிக்கையைத் தனியே அடையாளம் காட்டுவது எப்படி என்று விவாதம் எழுந்தது. செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டு, அதைப் பக்கவாட்டில் பார்க்கும்படி பரிந்துரைத்தார்.

மறுதிசையிலும் இது நடக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஒரு ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, அன்றைய இலவச மின்னஞ்சல்கள் சில மெகாபைட்டுகளே தந்துவந்ததால், பலர் அதை ஏப்ரல் முதல் நாள் ஏமாற்று என்று ஒதுக்கினார்கள்.

என் கருத்து எளியது. அரசு அறிவிப்பின் வடிவத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நையாண்டியின் உள்ளேயும், வெட்டியெடுக்க முடியாத இடத்தில், அது நையாண்டி என்று எழுதிவிட வேண்டும். அதைக் கட்டாயமாக்கினாலும் தவறில்லை.

அறிவியல் ஆசிரியர் ஒருவர்

'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்ற வேதிப்பொருளைத் தடை செய்யக் கோரும் புகழ்பெற்ற வேடிக்கை மனுவை என் வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். அமில மழையில் கலந்திருப்பது, மூச்சுக்குழாயில் புகுந்தால் உயிரைப் பறிப்பது என்று அதில் சொல்லப்படுபவை எல்லாம் உண்மை. ஏனெனில் அந்தப் பொருள் தண்ணீர். பெரும்பாலான மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். ஒரு மாணவி மட்டும், இந்த மனுவை எந்த அமைப்பு அனுப்பியது என்று தாளில் இல்லையே என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் தப்பியது வேதியியல் தெரிந்ததால் அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2004இல் கலிபோர்னியாவின் அலிசோ வியேஹோ நகர மன்றமே இந்த வேடிக்கையை நம்பி, அந்தப் பொருளைப் பயன்படுத்தித் தயாரிக்கப்படுகின்றன என்பதற்காக நுரைக் கோப்பைகளைத் தடை செய்யும் வாக்கெடுப்புக்கு ஏறத்தாழத் தயாராகிவிட்டது.

ஓய்வுபெற்ற பத்திரிகையாளர்

நான் வேலை பார்த்த இதழின் நகைச்சுவைப் பக்கத்தில், தலைவர் ஒருவரின் சிலைக்குச் செயற்கை நுண்ணறிவு பொருத்தப்பட்டிருப்பதாகவும், காலடியில் வைக்கப்படும் மனுக்களுக்கு அது உடனுக்குடன் பதில் சொல்வதாகவும் ஒரு துணுக்கு வெளியானது. அடுத்த வாரம் ஒரு தடித்த உறை வந்தது. குடிநீர்க் குழாய் இணைப்புக் கேட்டு ஒரு வாசகர் அந்தச் சிலைக்கே மனு எழுதி, இதழ் அலுவலகத்திலிருந்து யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டியிருந்தார். அதே கோரிக்கைக்காக அதற்கு முன் பல அலுவலகங்களில் அவர் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் தேதி வரிசைப்படி இணைக்கப்பட்டிருந்தன. நகைச்சுவைப் பக்கத்தைத் தயாரித்தவர் அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு செய்தியாளரை அனுப்பி, அந்தக் குழாயின் கதையைச் செய்திப் பக்கத்தில் வெளியிட்டோம்.

படிப்பவர் நம்பிவிடுவது ஒன்று. அதிகாரம் உள்ளவர்கள் வேடிக்கையைக் குற்றமாக்குவது முற்றிலும் வேறு. 1987இல், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் பற்றி அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. கடும் எதிர்ப்பு எழவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார்; அந்தத் தண்டனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2010 ஜனவரியில், பனியால் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில், அதைத் தகர்த்துவிடப் போவதாக ட்விட்டரில் விளையாட்டாக எழுதிய இளைஞர் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு வேலையையும் இழந்தார். அந்த வரியைப் படித்த எவரும் அஞ்சவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்குவதற்கு 2012 ஜூலை ஆகிவிட்டது.

வலையமைப்பு நண்பர் முன்மொழிந்த கட்டாய அடையாளத்தை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், பார்மா நகரக் காவல் துறையின் முகநூல் பக்கத்தைப் போலவே 2016இல் ஒரு கேலிப் பக்கம் தொடங்கியவர் கைது செய்யப்பட்டு, வழக்கு நடந்து, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். காவல் துறைக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, 'தி ஆனியன்' என்ற நையாண்டி இதழ் 2022இல் அவருக்கு ஆதரவாக மனு அளித்தது. முதலில் ஏமாற வைத்துப் பிறகு தெளிய வைப்பதே நையாண்டியின் வழி என்றும், இது நையாண்டி என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னால் அந்தக் கலை செயல்படாது என்றும் அதில் வாதிட்டது. 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஆயினும் அந்த வாதம் சரியானது என்றே நான் நம்புகிறேன். பெரியப்பாவிடம் வந்த படத்தில் எழுதியவர் தம் பக்கத்தின் பெயரை மறைக்கவில்லை. அதை வெட்டியவர் வேறொருவர். அடையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் எழுதியவரைத்தான் பிடிக்கும், வெட்டியவரை அது தொடாது. அது சட்டமானால், அடுத்த அட்டைப்பட நகைச்சுவைக்கு எந்த அடையாளம் போதும் என்று தீர்மானிக்கப் போகிறவர்கள், அந்த நகைச்சுவையில் கேலி செய்யப்பட்டவர்களாகவே இருப்பார்கள்.