கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, அப்பீல் நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன்: உங்கள் அனுபவம் என்ன?

வியாசர்பாடி அக்கா:
தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை. வழக்கு நடந்த காலம் முழுக்க ஜாமீனில்தான் இருந்தான், ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. தீர்ப்பன்றே புழலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அப்பீல் போட்டால் விட்டுடுவாங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். வக்கீல் மட்டும் தலையாட்டவில்லை. தீர்ப்புக்கு முன்பு அவனை நிரபராதியாகவே பார்க்க வேண்டும். தண்டனை விழுந்த பிறகு அந்தச் சலுகை போய்விடுகிறது. மூன்று வருஷம் வரையான தண்டனை என்றால், ஜாமீனில் இருந்தவருக்குத் தண்டித்த கோர்ட்டே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுக்க முடியும். கொலைக்கு ஹைகோர்ட் போயே ஆக வேண்டும். அங்கேயும் எழுத்தில் எதிர்ப்புச் சொல்ல அரசு வக்கீலுக்கு வாய்ப்புத் தராமல் விட மாட்டார்கள். இதற்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389, 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 430.

தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லிப் போட்ட முதல் மனு தள்ளுபடி. எங்கள் வக்கீல் சாட்சி சாட்சியாகப் பிரித்து வாதாட ஆரம்பித்தார். "அதையெல்லாம் அப்பீலில் பார்க்கலாம்" என்று நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பில் மேலோட்டமாகப் பார்த்தாலே கண்ணில் படுகிற ஓட்டை இருக்க வேண்டும், சாட்சியத்தை மறுபடி அலசக் கூடாது என்று 2023-இல் ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பீலோ விசாரணைக்கே வரவில்லை. இரண்டாவது மனுவில் அதைத்தான் முன்னால் வைத்தார்: உள்ளே இருந்த காலம், அங்கே அவன் நடத்தை, 1977-இன் காஷ்மீரா சிங் தீர்ப்பு. அப்பீலைக் கேட்க முடியாமல் ஒருவரை வருஷக்கணக்கில் உள்ளே வைப்பது நியாயமா என்று கேட்ட தீர்ப்பு அது. அதில்தான் கிடைத்தது.

பெரம்பூர்க்காரன்:
அக்கா, ஆர்டர் கிடைத்தவுடன் பிரியாணி சொல்லிவிடாதீர்கள்! எங்கள் மாமாவுக்கு வெள்ளிக்கிழமை ஆர்டர். காப்பி வர வேண்டும், தண்டித்த கோர்ட்டில் இரண்டு ஜாமீன்தாரர்கள் நிற்க வேண்டும், அப்புறம்தான் ஜெயிலுக்கு விடுதலை உத்தரவு போகும். கொலை வழக்கு என்றதும் ஜாமீன் நிற்கிறேன் என்றவர்கள் போனையே எடுக்கவில்லை. கடைசியில் சித்தப்பாதான் வந்தார். அபராதத்தையும் நிறுத்தியிருக்கிறார்களா, கட்ட வேண்டுமா என்று ஆர்டரில் பாருங்கள். மாசாமாசம் கோர்ட்டில் கையெழுத்து உண்டு. வெளியே இருக்கிற நாள் தண்டனைக் கணக்கில் சேராது; அப்பீல் தோற்றால் மிச்சத்தை உள்ளே போய்த்தான் கழிக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை.

எதிர்ப்பக்கம்:
நான் ஒரு கொலை வழக்கில் செத்தவரின் மைத்துனன். படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். தண்டனை பெற்றவர் மனு போட்டது தெரிந்ததும் நாங்களும் வக்கீல் வைத்து இடையில் நுழைந்தோம். அதற்கு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தண்டனை நிற்பதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் சாட்சி சொன்னவர்கள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள் என்று சொன்னதால், அவர் எங்கள் ஏரியாவுக்குள் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். மீறினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசு வக்கீல் மனு போடலாம். இதுவரை வரவில்லை, சரி.