ஹெலிகாப்டர் எல்லைக்கோடு 200 மீட்டர் தள்ளி விழுகிறது, யாராவது பாருங்கள்

ஐடஹோவில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள தேசிய வனத்தில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்கு அனுமதியைப் புதுப்பிக்கிறார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவுக்குக் கருத்து அனுப்ப இன்னும் 9 நாள்தான். என் கவலை வால்வரின். கரடிக்குட்டி போலிருக்கும், தாய் பிப்ரவரி முதல் மே வரை ஆழப் பனிக்குள் குட்டிகளோடு கிடக்கும். 2023-இல்தான் அச்சுறுத்தலுக்குள்ளான இனப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அதன் வாழிடத்தின் மேல் ஹெலிகாப்டர் பறக்கும் எல்லையின் கோப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால், முகட்டில் ஓட வேண்டிய கோடு சுமார் 200 மீட்டர் தெற்கே சரிவில் விழுகிறது. கோப்போடு பிஆர்ஜே (எந்த ஆய அமைப்பில் வரைந்தது என்று சொல்லும் துணைக்கோப்பு) இல்லை. நாட்83 (வட அமெரிக்காவின் 1983 நிலவரை அடிப்படை), யூடிஎம் (மீட்டரில் அளக்கும் ஆய முறை) மண்டலம் 11 என்று வைத்துப் பார்த்தேன், மறுபடி இறக்கியும் பார்த்தேன். அதே கதை. வன அலுவலகத்துக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டாயிற்று, பதிலில்லை.

மூலக்கோப்பு நாட்83-க்கு முந்தைய, 1927-இன் பழைய அடிப்படையான நாட்27-இல் வரைந்ததுதானா என்று எப்படி உறுதி செய்வது?