குரில் தீவுகள்: இரண்டை வாங்கிக்கொண்டு ஜப்பான் அமைதி ஒப்பந்தத்தை முடித்திருக்க முடியாதா?

வினா – வடகாற்று

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானும் சோவியத் ஒன்றியமும் 1956 அக்டோபர் 19 அன்று மாஸ்கோவில் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனத்தை அண்மையில் முழுவதுமாகப் படித்தேன். இரு நாடுகளுக்கும் இடையிலான போர்நிலை அதன்மூலம்தான் முடிவுக்கு வந்தது, தூதரக உறவு மீண்டும் ஏற்பட்டது, சோவியத் சிறைகளில் எஞ்சியிருந்த ஜப்பானியர் நாடு திரும்ப வழி பிறந்தது, ஐ.நா. சபையில் ஜப்பான் சேர்வதை ஆதரிக்க மாஸ்கோ இசைந்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் உறுப்பினராகவும் ஆயிற்று. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பின்பு, ஹொக்கைடோவை அடுத்து 1945 முதல் மாஸ்கோவின் பிடியிலுள்ள ஹபோமாய்த் தீவுக்கூட்டத்தையும் ஷிகோட்டான் தீவையும் ஜப்பானிடம் ஒப்படைப்பதாக ஒன்பதாம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. இரு நாட்டு நாடாளுமன்றங்களும் ஏற்புறுதி அளித்த ஆவணம் இது.

அப்படியிருந்தும் இன்றுவரை அமைதி ஒப்பந்தம் இல்லை. குனாஷிரி, எடோரோஃபு என்ற இரண்டு பெரிய தீவுகளையும் சேர்த்துக் கேட்டதால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். ரஷ்யா கொடுப்பதற்கு ஒருபோதும் எண்ணியதே இல்லை என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இணையத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் உண்மையில் எது தடுத்தது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ஏட்டுச்சுவடி

நண்பர் வடகாற்றுக்கு, 1956ஐப் புரிந்துகொள்ள 1951இலிருந்து தொடங்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தின் இரண்டாம் விதியில் ஜப்பான் குரில் தீவுகள் மீதான எல்லா உரிமைகளையும் துறந்தது. ஆனால் எந்த நாட்டுக்காகத் துறந்தது என்று அங்கே எழுதப்படவில்லை. குரில் என்பது எந்தத் தீவு முதல் எந்தத் தீவு வரை என்றும் எழுதப்படவில்லை. போதாக்குறைக்கு சோவியத் ஒன்றியம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே மறுத்துவிட்டது. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் குரில் தீவுகள் சோவியத்துக்குச் சேரும் என்று ஸ்டாலினுக்கு வாக்களித்திருந்தார்கள் என்றாலும், அந்த வாக்கில் ஜப்பானுக்குப் பங்கில்லை. ஆகவே கொடுத்தவர் இன்னாருக்கு என்று சொல்லவில்லை, பிடித்து வைத்திருப்பவரிடம் கையெழுத்தான பத்திரம் இல்லை.

ஜப்பானின் வாதம் பழைய ஒப்பந்தங்களை நம்பி நிற்கிறது. 1855இல் ஷிமோடாவில் எல்லைக்கோடு எடோரோஃபுவுக்கும் அதன் வடக்கிலுள்ள உருப்புவுக்கும் இடையில் வகுக்கப்பட்டது. 1875இல் சகலின் முழுவதையும் ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்து ஜப்பான் பெற்ற குரில் தீவுகளின் பட்டியல் வடக்கிலிருந்து வந்து உருப்புவோடு முடிந்துவிடுகிறது. எனவே தெற்கிலுள்ள நான்கும் துறக்கப்பட்ட குரிலில் அடங்கா என்பது டோக்கியோவின் நிலைப்பாடு. வலுவான வாதம்தான், ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. 1951 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவுத் தலைவராக இருந்த நிஷிமுரா குமாவோ, குனாஷிரியும் எடோரோஃபுவும் துறக்கப்பட்ட குரிலில் அடங்கும் என்றே நாடாளுமன்றக் குழுவில் விடையளித்தார். 1956இல் அரசு அந்த விளக்கத்தைக் கைவிட்டது. ரஷ்யத் தரப்பு மறக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1955 ஜூனில் லண்டனில் பேச்சு தொடங்கியது. ஜப்பானின் சார்பில் மட்சுமோட்டோ ஷுனிச்சி, சோவியத்தின் சார்பில் யாக்கோப் மாலிக். ஆகஸ்டில் மாலிக் இரண்டு சிறிய தீவுகளைத் தரலாம் என்று கோடிகாட்டினார். எதிர்பாராத இந்தச் சலுகைக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து வந்த புதிய அறிவுறுத்தலோ நான்கு தீவுகளையும் கேட்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் ஹட்டோயாமா இச்சிரோவின் கட்சியும் முன்னாள் பிரதமர் யோஷிடா ஷிகெருவின் வழிவந்தவர்களின் கட்சியும் ஒன்றாக இணைந்தபோது, மாஸ்கோவுடன் விரைவான சமரசத்தை விரும்பாத யோஷிடா அணியின் பிடி இன்னும் இறுகியது.

1956 கோடையில் வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு மமோரு மாஸ்கோவுக்குச் சென்றார். கடுமையான நிலைப்பாட்டுடன் போனவர், சில நாட்களில் மனம் மாறி, இரண்டு தீவுகளோடு முடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். அமைச்சரவை அதற்கு ஒப்பவில்லை. அங்கிருந்து சூயஸ் மாநாட்டுக்காக லண்டன் போனவர் ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் பாஸ்டர் டல்லஸைச் சந்தித்தார். சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 26ஆம் விதிப்படி, ஜப்பான் வேறொரு நாட்டுக்குக் கூடுதல் சலுகை அளித்தால் அதே சலுகை ஒப்பந்த நாடுகளுக்கும் உரியதாகும். இதைச் சுட்டிக்காட்டிய டல்லஸ், குனாஷிரியையும் எடோரோஃபுவையும் சோவியத்துக்கு விட்டுக்கொடுத்தால் அமெரிக்காவும் ஒக்கினாவா மீது முழு இறைமை கோரலாம் என்றார். அன்று ஒக்கினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. டோக்கியோவில் யாரும் இதை வெறும் சட்ட விளக்கமாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

எனவே அக்டோபரில் உடல்நலம் குன்றியிருந்த பிரதமர் ஹட்டோயாமாவே மாஸ்கோ சென்றபோது, கையில் இருந்த வழி ஒன்றே: தீவுகளை ஒத்திவைத்துவிட்டு உறவை மட்டும் மீட்பது. அங்கும் ஒரு சொற்றொடர் பறிபோயிற்று. “நிலப்பரப்புச் சிக்கல் உள்ளிட்ட” அமைதி ஒப்பந்தப் பேச்சு தொடரும் என்று எழுத ஜப்பான் விரும்பியது. வேளாண் அமைச்சர் கோனோ இச்சிரோவுடன் பேசிய குருஷ்சேவ் அந்தச் சொற்களை நீக்கச் செய்தார். செப்டம்பர் 29 அன்று மட்சுமோட்டோவும் சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோவும் பரிமாறிய கடிதங்களில் அவை இருந்ததால், ஜப்பான் அந்தக் கடிதங்களை வெளியிட்டு மனநிறைவு அடைந்தது. நான்கு தீவுகளும் இன்னும் பேச்சில் உள்ளன என்று ஒரு தரப்பும், இரண்டோடு கணக்கு முடிந்தது என்று மறுதரப்பும் ஒரே ஆவணத்தைக் காட்டிச் சொல்ல முடிவதற்குக் காரணம் இதுதான்.

பதில் – கடலோடி

ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 1956ஓடு நிறுத்திவிட்டால் தவறு முழுவதும் டோக்கியோவுடையது போலத் தோன்றிவிடும். 1960 ஜனவரியில் ஜப்பானும் அமெரிக்காவும் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் திருத்திக் கையெழுத்திட்ட உடனே, வெளிநாட்டுப் படைகள் ஜப்பானைவிட்டு முழுவதும் வெளியேறினால்தான் இரு தீவுகளும் ஒப்படைக்கப்படும் என்று மாஸ்கோ ஒரு குறிப்பை அனுப்பியது. ஏற்புறுதி பெற்ற ஆவணத்தில் இல்லாத நிபந்தனை இது. ஒருதலையாகப் பின்னால் சேர்த்த நிபந்தனையை எந்த நாடு ஏற்கும்?

இருந்தாலும் அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் அச்சம் போலியானது அல்ல. வரைபடத்தைப் பார்த்தால் குரில் சங்கிலி ஒக்கோட்ஸ்க் கடலுக்கு ஒரு வேலிபோல் கிடப்பது தெரியும். ரஷ்யப் பசிபிக் கடற்படையின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கு அந்தக் கடல் ஒரு காப்பிடம். குனாஷிரிக்கும் எடோரோஃபுவுக்கும் அருகிலுள்ள நீரிணைகள் குளிர்காலத்திலும் கப்பல் செல்லக்கூடிய ஆழமான வழிகள். ஷிகோட்டானுக்கும் ஹபோமாய்க்கும் அந்த அளவு படைமதிப்பு கிடையாது. குருஷ்சேவ் அந்த இரண்டை மட்டும் முன்வைத்ததன் கணக்கு இங்கே புரியும். நான்கு தீவுகளின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். இந்த இரண்டும் சேர்ந்து அதில் 7 விழுக்காடுதான்.

2018இல் இதே முடிச்சு மறுபடியும் விழுந்தது. செப்டம்பரில் விளாடிவொஸ்டோக் மேடையில், முன்நிபந்தனை எதுவுமின்றி ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் செய்துகொள்வோம் என்று புட்டின் திடீரென அழைத்தார். நவம்பர் 14 அன்று சிங்கப்பூரில் அவரும் அன்றைய ஜப்பானியப் பிரதமர் அபே ஷின்சோவும் 1956 பிரகடனத்தை அடிப்படையாக வைத்துப் பேச்சை விரைவுபடுத்த இசைந்தார்கள். ஜப்பான் சத்தமில்லாமல் இரண்டு தீவுகளை நோக்கி இறங்கி வந்த தருணம் அது என்பது என் கணிப்பு. ஆனால் ஒப்படைக்கப்படும் தீவுகள் எந்த நாட்டின் இறைமையின் கீழ் இருக்கும் என்று பிரகடனத்தில் எழுதப்படவில்லை என்று புட்டின் சொன்னார். அங்கே அமெரிக்கத் தளம் வராது என்பதற்கு என்ன உறுதி என்ற கேள்வியையும் எழுப்பினார். இரண்டாம் உலகப் போரின் விளைவுகளை ஜப்பான் முதலில் முழுமையாக ஏற்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வற்புறுத்தினார். ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள நிலப்பரப்பு எதுவானாலும் தாக்குதல் வந்தால் சேர்ந்து எதிர்கொள்வதாகக் கூறும் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி அங்கே செல்லுபடியாகும். தளம் வராது என்ற உறுதியை வாஷிங்டனைக் கலக்காமல் டோக்கியோ கொடுக்க முடியாது. இரு நாட்டுப் பேச்சு என்று பெயர் இருந்தாலும் மேசையில் மூன்றாவது நாற்காலி எப்போதும் உண்டு.

பதில் – நெடுவழி

இருவர் எழுதியதையும் படித்தேன். ஜப்பான் ஏன் இரண்டோடு நிறைவடையவில்லை என்ற கேள்வியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1941இல் கையெழுத்தான நடுநிலை உடன்படிக்கை காலாவதியாகாத நிலையில்தான் 1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படைகள் போரில் இறங்கின. சரணடைவதாக ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் அறிவித்த பிறகே குரிலில் தரையிறக்கம் தொடங்கியது. ஆகஸ்ட் 28 அன்று எடோரோஃபு, செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ஹபோமாய் வரை. தெற்கிலுள்ள இந்தத் தீவுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 17,000 ஜப்பானியரும் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை வாழ்ந்தவை 7 விழுக்காடு நிலத்திலா, 93 விழுக்காடு நிலத்திலா என்று பிரித்துப் பார்த்து எந்த அரசும் வாக்காளர் முன் நிற்க முடியாது.

ஜப்பான் வளைந்துகொடுத்ததே இல்லை என்பதும் சரியல்ல. 1998 ஏப்ரலில் ஜப்பானின் கவானாவில் பிரதமர் ஹஷிமோட்டோ ரியூட்டாரோ யெல்ட்சினிடம் வைத்த முன்மொழிவைப் பாருங்கள்: எல்லைக்கோடு எடோரோஃபுவின் வடக்கே என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும், நிர்வாகம் இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் காலம்வரை ரஷ்யாவிடமே இருக்கட்டும். நவம்பரில் மாஸ்கோ தந்த மாற்று யோசனையோ எல்லையைப் பிறிதொரு ஒப்பந்தத்துக்குத் தள்ளி வைத்தது. இதைவிட மென்மையான ஒரு கோரிக்கையை ஜப்பான் எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருவருமே தொடாத ஒன்று: எடோரோஃபு, குனாஷிரி என்ற பெயர்களே ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தவை. இரு பேரரசுகளும் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களை 1855இலும் யாரும் கேட்கவில்லை, 1956இலும் கேட்கவில்லை.

தொடர்வினா – வடகாற்று

மூவருக்கும் நன்றி. ரஷ்யா வேறு அண்டை நாடுகளுடன் எல்லைச் சிக்கல்களைத் தீர்த்துக்கொண்டிருக்கிறதே, அந்த வழி இங்கே ஏன் பயன்படவில்லை?

பதில் – ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. 1969இல் துப்பாக்கிச் சண்டை நடந்த சீன எல்லையில் 2004 உடன்பாட்டின்படி அமூர், உசூரி ஆறுகள் கூடுமிடத்திலுள்ள தீவுகளை ஏறத்தாழ சரிபாதியாகப் பகிர்ந்து, 2008இல் ஒப்படைப்பையும் முடித்தார்கள். நார்வேயுடன் பேரன்ட்ஸ் கடலில் நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 2010இல் ஏறத்தாழ 1,75,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை இரு சம பாகங்களாக்கினார்கள். ஆனால் சீனாவுடனான பேச்சில் மூன்றாம் நாட்டின் படைத்தளம் என்ற கேள்வி எழவில்லை. நார்வே நேட்டோ உறுப்பினர்தான் என்றாலும், அங்கே பகிர்ந்தது கடலை. குடியிருந்தவர் வெளியேற்றப்பட்ட நிலத்தை அல்ல. முக்கியமாக, இரண்டு இடங்களிலும் போர் வெற்றியின் பலன் என்ற பெருமிதம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சரிபாதி என்ற சூத்திரத்தைப் பரப்பளவின்படி இங்கே பொருத்தினால் கோடு எடோரோஃபுவுக்குள்ளேயே விழும். அதை இரு தலைநகரங்களிலும் எந்த அரசும் ஏற்கவில்லை.

இறைமையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசிய இடங்களில்தான் காரியம் நடந்தது. ஹொக்கைடோவின் கிழக்குக் கோடியான நொசப்பு முனையிலிருந்து 3.7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கைகரா தீவைச் சுற்றிக் கொம்பு எனப்படும் கடற்பாசியை ஜப்பானிய மீனவர்கள் அறுவடை செய்ய 1963இலேயே ஏற்பாடு உண்டு. 200 கடல் மைல் மண்டலச் சிக்கலால் இடையில் நின்றுபோய் 1981இல் அது மீண்டும் தொடங்கியது. ஜப்பானிய மீனவர் அமைப்பு ரஷ்யத் தரப்புக்குக் கட்டணம் செலுத்துகிறது, படகுகள் குறித்த பருவத்தில் போய்வருகின்றன, தீவு யாருடையது என்று அந்தத் தாளில் எவரும் எழுதுவதில்லை. 1998 பிப்ரவரியில் கையெழுத்தான மீன்பிடி உடன்பாடும் அதே பாணிதான்: இதிலுள்ள எதுவும் எந்தத் தரப்பின் நிலைப்பாட்டையும் பாதிக்காது என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு, நான்கு தீவுகளைச் சுற்றிய கடலில் படகுகள் சிறைபிடிக்கப்படாமல் மீன் பிடிக்க வழிசெய்தார்கள்.

பதில் – கடலோடி

அந்த வழியும் இப்போது பெருமளவு அடைபட்டுவிட்டது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உக்ரைன் போரையொட்டி ஜப்பான் விதித்த தடைகளுக்கு எதிர்வினையாக, 2022 மார்ச் 21 அன்று அமைதி ஒப்பந்தப் பேச்சை ரஷ்யா நிறுத்தியது. ஜூனில் 1998 மீன்பிடி உடன்பாட்டை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 1992 முதல் நடந்துவந்த விசா இல்லாப் பயணங்களுக்கான உடன்பாட்டைச் செப்டம்பரில் முறித்தது. மூதாதையர் கல்லறைகளுக்குப் போய்வந்த முன்னாள் தீவுவாசிகள் எண்பதைக் கடந்தவர்கள். இப்போது கப்பலில் ஏறித் தீவுகள் தெரியும் தூரம்வரை சென்று கடலிலிருந்தபடியே வழிபட்டுத் திரும்புகிறார்கள்.

இதற்கு முன்பே, 2020இல் ரஷ்ய அரசியலமைப்பில் நிலப்பரப்பைப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கும் திருத்தம் சேர்ந்தது. அண்டை நாடுகளுடன் எல்லை வரையறுப்பதற்கு அதில் விலக்கு இருக்கிறது. நாளை ஒரு ரஷ்ய அரசு விரும்பினால், ஒன்பதாம் பிரிவை நிலத்தைக் கொடுப்பதாக அல்லாமல் எல்லை வரையறுப்பாக எழுதிக்கொள்ள அந்த விலக்கு போதுமானது. சட்டத்தில் வழி இல்லை என்று யாரும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் பேச்சு மறுபடி தொடங்கினால் முதல் சுற்றிலேயே தீவுகளை எடுப்பது வீண். கல்லறைப் பயணமும் 1998 உடன்பாடும் முதலில் திரும்ப வேண்டும். தளம் பற்றிய உறுதிமொழியை டோக்கியோவும் வாஷிங்டனும் தங்களுக்குள் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். 2018இல் அந்த இரண்டாவது வேலை செய்யப்படாமலேயே தலைவர்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.